முன்தொட்டியும் பின்தொட்டியும்

தொட்டியில் விரிசல் கண்ட அன்று அங்கே நின்றவர்கள் ஐந்து பேர்: கண்டரமாணிக்கம் மெய்யநாதன் செட்டியார், அவர் மனைவி தேனம்மை ஆச்சி, தொட்டியைக் கட்டிய கொத்தனார் சேவுகன், வீட்டுச் சமையல் அம்மாக்கண்ணு, கூப்பிடாமலே வந்த பங்காளி நாச்சியப்பன். ஆறாவதாகத் தானும் நின்றதாகச் சொல்பவர் எவரும் அன்று ஊரிலேயே இல்லை.

1971 சித்திரை. செட்டியாரின் அறுபதாம் கல்யாணத்துக்கு இன்னும் இருபத்தாறு நாள். ஆயிரம் பேர் சாப்பாட்டுக்குத் தண்ணீர் வேண்டும் என்று, முகப்பில் ஒன்றும் பின்னால் அடுப்படிக்கட்டில் ஒன்றுமாக இரண்டு சிமெண்டுத் தொட்டிகள் கட்டியிருந்தார்கள். அடுப்படிக்கட்டுக்குள் அந்த வீட்டு ஆண்கள் கால் வைப்பதில்லை. அதனால் செட்டியார் தினமும் பார்த்துப் பெருமைப்பட்டது முன்தொட்டியைத்தான்.

தண்ணீர் நிரப்பிய மறுநாளே அதன் சுவரில் தலைமுடி போல ஒரு கோடு. கோட்டில் ஈரம் கசிந்தது.

"அண்ணே, தொட்டி அழுகுது போலயே" என்றார் நாச்சியப்பன்.

செட்டியாரின் முதுகு இன்னும் கொஞ்சம் நிமிர்ந்தது.

"பதறாதீக ஐயா, மயிரிழைதான்" என்றார் சேவுகன். "தண்ணியை இறக்காம நனைய விடுங்க. ஈரம் இருந்தா சிமெண்டு உள்ளயிருந்து வெள்ளையாக் கக்கி, தானா அடைச்சுக்கிரும். காஞ்சா அப்படியே நிக்கும்."

"புண்ணை நனைச்சா ஆறுமா?" என்றார் செட்டியார்.

"இது புண்ணு இல்லைங்கய்யா."

"எத்தனை நாளு நனையணும்?" என்று கேட்டார் ஆச்சி.

"இருவது நாளாச்சும் ஆகும் ஆச்சி."

கேட்டுக்கொண்டு ஆச்சி அடுப்படிக்கட்டுக்குள் போனார்.

"இருவது நாளு என் வீட்டு முகப்பு ஒழுகிக்கிட்டு நிக்கணுமா? நாலு பேரு என்ன பேசுவாக? இறக்கு தண்ணியை!" என்றார் செட்டியார்.

இறக்கினார்கள். ஒரு வாரம் வெயிலில் காய்ந்ததும் தலைமுடி நூலானது. சீக்கிரம் காயட்டும் என்று செட்டியார் தொட்டிக்குள் இரும்புச்சட்டிகளில் நெருப்புப் போடச் சொன்னார். நூலுக்குள் நகம் நுழைந்தது.

வெள்ளை அடிக்கச் சொன்னார். வெள்ளைச் சுவரில் கோடு கறுப்பாக எடுத்துக்காட்டியது.

"முந்தி கண்ணாடி போட்டாத்தான் தெரிஞ்சுச்சு. இப்ப வெறுங்கண்ணுக்கே தெரியுதுண்ணே" என்றார் நாச்சியப்பன்.

"எங்க அப்பச்சி காலத்துப் பூச்சு இருக்கு. அதுக்கு முன்னால எந்த விரிசலும் நிக்காது!"

சுண்ணாம்பில் முட்டை வெள்ளையும் கருப்பட்டியும் கலந்து விரிசல் நெடுகப் பூசினார்கள். பூச்சு காய்வதற்குள் தெருவிலிருந்த எறும்புகளெல்லாம் வந்து அந்தக் கோட்டில் வரிசையாக நின்றன. சேவுகன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

கல்யாணத்தன்று விடியற்காலையில் முன்தொட்டியில் பத்து வண்டித் தண்ணீர் கொட்டினார்கள். செட்டியார் ஆச்சிக்குத் தாலி கட்டுகிற நேரத்தில், வாசலில் விட்டிருந்த செருப்புகள் தெருவைப் பார்த்து மிதந்து போய்க்கொண்டிருந்தன. ஆயிரம் பேர் சாப்பாட்டையும் குடும்ப மானத்தையும் காப்பாற்றியது பின்தொட்டிதான்.

பந்தியை மேற்பார்வையிட வந்த செட்டியாரிடம், இலை முன் உட்கார்ந்தபடியே நாச்சியப்பன் கேட்டார்: "பின்தொட்டி மட்டும் சொட்டுக்கூட ஒழுகலையாமே, எப்படிண்ணே?"

"அதுக்கு நல்ல சிமெண்டு போட்டிருக்கான். முன்தொட்டிக்கு மண்ணைக் கலந்து ஏமாத்திப்புட்டான் அந்தச் சேவுகன்."

பந்தி முழுக்க அது பரவியது. கடைசி இலையில் உட்கார்ந்திருந்த சேவுகனின் கை சோற்றில் அப்படியே நின்றது. இனி கீழச்சிவல்பட்டி வரைக்கும் யார் அவரை வேலைக்குக் கூப்பிடுவார்கள்?

ரசம் ஊற்றிக்கொண்டு வந்த அம்மாக்கண்ணு வாளியைக் கீழே வைத்தாள்.

"அது பொய்யிங்க. ரெண்டும் ஒரே சிமெண்டு, ரெண்டும் ஒரே நாள்லதான் வெடிச்சுச்சு. பின்தொட்டி வெடிச்சதை ஆச்சி உங்ககிட்டச் சொல்லல, அதான் பொழைச்சிருச்சு."