பாரிஸ் மல்லிகை

அருந்ததி தலைவாரிக்கொண்டு கூடத்துக்கு வந்ததும் சோமசேகரம் கதிரையை விட்டு எழும்பினார். மகளிடமிருந்து செத்தவீட்டு மணம் வந்தது.

"ஆர் உதைப் பூசச் சொன்னது?"

"அம்மாதான். அண்ணை எனக்கெண்டுதானே பாரிசிலையிருந்து அனுப்பினவர்?"

உண்மைதான். போத்திலில் மல்லிகைப் படம். திறந்தவுடன் அப்போதுதான் விரிந்த பூவின் வாசம். வெயில் ஏற ஏறத் தேன் இனிப்பு. பொழுதுபட்டால் வாடிய மாலையின் ஈரம். குறை சொல்ல முடியாத சென்ற்.

ஆனால், குளிக்கிற சவர்க்காரத்துக்கே வழியில்லாத பொருளாதாரத் தடைக்காலத்தில் பிரேதத்துக்குத் தெளிக்க ஓடிக்கொலோனுக்கு எங்கே போவது? பக்கத்து வளவு ஏரம்பர் காலமானபோது அவர் பெண்சாதி வந்து கையேந்தினாள். செத்தவீட்டுக்கு இல்லையென்று சொல்லலாமா? சோமசேகரம் இந்தச் சென்றில் கொஞ்சம் கொடுத்தார். பிறகு பின்வீதியில் கேட்டார்கள். பிறகு ஷெல் விழுந்த வீட்டில் கேட்டார்கள். பிறகு அயலூரிலிருந்தும் வந்து கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் தட்டுப்பாடான அந்நாளில் சாவுக்கு மட்டும் தட்டுப்பாடில்லை. இப்போது காற்றில் மல்லிகை வந்தால், அவர்கள் ஊரான மருதனார்மடத்தில் ஆம்பிளைகள் சைக்கிளை விட்டிறங்கித் தலைகுனிந்தார்கள்.

பின்னேரம் மானிப்பாயிலிருந்து பொம்பிளை பார்க்க வருகிறார்கள். எத்தனையோ இடம் தட்டிப்போய்க் கடைசியாகச் சாதகம் பொருந்திய இடம். தைக்குள் தாலி கட்டிக் கனடா போகிற மாப்பிள்ளை. அவன் தாயோ, பூனை குறுக்கே போனாலே வீட்டுக்குத் திரும்பிவிடுகிற சகுனக்காரி.

"போய்க் குளி பிள்ளை!"

அருந்ததி குளித்தாள். வெறுந்தண்ணீர் பட்டு மல்லிகை இன்னும் மலர்ந்தது.

"இஞ்சாருங்கோ, போத்திலையாவது கண்ணிலை படாமல் எறியுங்கோ," என்றாள் மனைவி நல்லம்மா.

சோமசேகரம் மிச்சத்தை வாழையடியில் கவிழ்த்தார். காற்று அதை அப்படியே வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவந்தது.

"சாம்பிராணி போடு!"

"போட்டால் இன்னும் மோசமெல்லே?"

"போடெண்டால் போடு!"

புகையும் மல்லிகையும் சேர்ந்து கூரைக்கு மேலே எழும்பின. இனிக் குறை, பறைமேளம் ஒன்றுதான்.

முதலில் வந்தவர் அடுத்த வளவுத் தம்பிராசா. தோள் சால்வையை இடுப்பில் இறுக்கிக் கட்டியிருந்தார்.

"என்னண்ணை, எங்களுக்கு ஒரு சொல்லுச் சொல்லக்கூடாதே?"

"ஒருத்தரும் சாகேல்லையடா!"

"ஓம் ஓம். முதல்லை மனம் நம்பாதுதான். நீங்கள் இருங்கோ, நான் பந்தல் அலுவலைப் பாக்கிறன்."

வாசற் படலையிலேயே பின்வீதிக் கிழவி சின்னாச்சி மாரில் அடித்துக்கொண்டாள். "ஐயோ நல்லம்மா, எங்களை விட்டிட்டுப் போட்டியோ!"

"எணை, நான் இஞ்சைதான் நிக்கிறன்," என்றாள் நல்லம்மா, கையில் பலகாரத் தட்டோடு.

சின்னாச்சி ஒப்பாரியைப் பாதியில் நிறுத்தினாள். "அப்ப ஆர்?"

"ஒருத்தருமில்லை."

"உதென்ன கதை? மணம் வருகுது, பிரேதம் இல்லையோ?"

சொல்லச் சொல்ல ஆட்கள் கூடினார்கள். இல்லையென்றவர்களை ஆறுதலாக முதுகில் தடவிவிட்டு, வாங்கில் இடம்பிடித்துக் குந்தினார்கள். அருந்ததி அறைக்குள் சேலையோடு இருந்து அழத் தொடங்கினாள். வெளியே அதைக் கேட்டவர்களுக்கு இருந்த கொஞ்சநஞ்சச் சந்தேகமும் தீர்ந்தது.

அந்த நேரம் பார்த்துப் படலையில் சைக்கிள் மணி கேட்டது. மாப்பிள்ளையின் தாய்க்குக் கூடப்பிறந்த தம்பி செல்வரட்ணம். தனியாகத்தான் வந்திருந்தார். வேட்டி முழுக்கப் புழுதி. முற்றத்துச் சனத்தைக் கண்டு இறங்கி நின்றார்.

சோமசேகரம் விழுந்தடித்து ஓடினார்.

"ஐயா, பிழையா நினையாதேங்கோ! கோயிலறிய இது செத்தவீடில்லை! உந்த மணம் ஒரு சென்ற் போத்திலாலை வந்த வினை. அதையும் இப்பதான் வாழைக்கு ஊத்தினனான். வீட்டிலை இனி ஒரு சொட்டும் இல்லை, சத்தியமா!"

செல்வரட்ணம் சைக்கிளைப் பிடித்தபடி வாழையடியைப் பார்த்தார்.

"ஊத்திப் போட்டியளோ? மத்தியானம் நெஞ்சுக்குத்தெண்டு படுத்த அக்கா எழும்பேல்லை. உந்த மல்லிகையிலை ரெண்டு சொட்டு வாங்கிக்கொண்டு போகத்தானே நான் வந்தனான்!"