அடப்டர் நானாவும் அக்காவின் கல்யாணப் படங்களும்

உலகத்தில் ஒன்றோடொன்று பொருந்தாத இரண்டு சாமான்கள் உண்டு என்பதைக் கற்பிட்டி அடப்டர் நானா இன்றுவரை ஒப்புக்கொண்டதில்லை. முஸ்லிம் அண்ணன் என்ற முறையில் ஊருக்கே நானாவான அவருடைய மின்சாமான் திருத்தும் கடையில் ஐந்து பிளக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தொங்கினால்தான் மின்விசிறி சுற்றும். எது எதற்கு என்று அவருக்கே தெரியாது. ஒன்றைக் கழற்றினால் விசிறி நிற்காது. பக்கத்துத் தையல் கடையில் மெஷின் நின்றுவிடும்.

யுத்தம் முடிந்த கையோடு, இத்தாலியில் இருந்த அத்தானிடம் போக அக்காவுக்கு விசா நேர்முகம் வந்தது. கல்யாணம் உண்மையாகவே நடந்தது என்று காட்டப் படங்கள் வேண்டும். படம் எடுத்த ஸ்டூடியோக்காரரோ கடையை மூடிவிட்டு ஊரைவிட்டுப் போகும்போது, தன் கணினியின் ஹார்ட் டிஸ்க்கையே கழற்றி அம்மாவிடம் கொடுத்திருந்தார். அம்மா அதை அலுமாரியில் சேலைகளுக்கு நடுவே வைத்திருந்தார்.

டிஸ்க் புதுசு. எங்கள் கணினியோ, ஏதோ அலுவலகம் வேண்டாமென்று தள்ளிய பழசு. கணினி வயரில் அகலமான துளை வரிசை. டிஸ்க்கிலோ மெல்லிய வெட்டு. கம்ப்யூட்டர் கோர்ஸ் படித்துக்கொண்டிருந்த நான், “சரிவராது” என்று தீர்ப்பே சொல்லிவிட்டேன். அக்கா அழுதாள். நேர்முகம் மறுநாள். கணினியை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு நானாவிடம் ஓடினோம்.

“நானா, இது புதுசு, அது பழசு. ரெண்டும் கதைக்காது.”

“ஆரு சொன்னது?”

“புத்தகத்தில இருக்கு.”

“அந்தப் புத்தகத்தையும் கொண்டு வந்தீக்கலாமே தம்பி, அதுக்கும் ஒரு அடப்டர் மாட்டிருப்பன்.”

தீப்பெட்டி அளவுப் பச்சைத் தகடு ஒன்றை டிஸ்க்கின் பின்னால் செருகினார். மின்சாரத்துக்கு இன்னொரு வால். கணினியைப் போட்டார். புது டிஸ்க் தெரியவில்லை. உள்ளே இருந்த எங்கள் பழைய டிஸ்க்கும் காணாமல் போயிற்று!

“என்ட மாதாவே!” என்று அக்கா கதிரையில் சரிந்தாள். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

நானா திரையை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். “தம்பி, ஒங்கட அப்பா வேல செய்ற மீன்வாடியில தோணிகள இறக்கச் சொல்ற மொதலாளி, சம்மாட்டி, எத்தன பேர்?”

“ஒரு ஆள்தான்.”

“ரெண்டு பேர் வந்து நின்டா?”

“அடிபிடிதான். ஒரு தோணியும் இறங்காது.”

“இஞ்சயும் அதான். ஒரே வயர்ல ரெண்டு டிஸ்க்கும் ‘நான்தான் சம்மாட்டி’ எண்டு நிக்கிது. புதுசா வந்தவர் கொஞ்சம் அடங்கி ஈக்கட்டும்.”

பச்சைத் தகட்டிலிருந்த அரிசியளவுத் துண்டொன்றைப் பிடுங்கி, ஒரு பல் தள்ளிச் செருகினார். அவ்வளவுதான். இரண்டு டிஸ்க்கும் வந்தன. ஒரே வயரில் ஒரு டிஸ்க் ‘மாஸ்டர்’, மற்றது ‘ஸ்லேவ்’ என்று இதையே பரீட்சையில் எழுதிப் பாஸ் பண்ணியவன் நான்!

கல்யாண மாலையோடு அக்கா திரையில் சிரித்ததும் நானா முகத்தைத் திருப்பிக்கொண்டார். “குடும்பப் படம். நீங்க பாருங்க புள்ள.” பார்க்காமலே இரண்டு சீடிகளில் ஏற்றியும் தந்தார்.

விசா கிடைத்து அக்கா இத்தாலிக்குப் போய்விட்டாள். போன மாதம் அவளுடைய மகனின் ஞானஸ்நானப் படம் என் ஃபோனுக்கு வந்தது. அப்படியே நானாவிடம் நீட்டிக் காட்டியிருக்கலாம். ஆனால் எதிலும் லேசில் பொருந்தாத டிஸ்க் ஒன்றைத் தேடிப்பிடித்து, அதில் ஏற்றிக்கொண்டுதான் அவருடைய கடைக்குப் போனேன்.