புள்ளி காட்டாத டிவிகள்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ரிஜெக்ட் அண்ணன் குறை சொல்லாமல் விட்டது ஆலைச் சங்கு ஒன்றைத்தான். அதுகூட அவருக்கு அந்தப் பக்கக் காது மந்தம் என்பதால்தான் என்று ஒரு பேச்சு உண்டு.

எங்கள் வார்ப்புத் தொழிற்சாலையில் அவர் தரப் பரிசோதகர். நான் ஸ்டோர்ஸில் இருந்தேன். அவர் சட்டைப்பையில் எப்போதும் சிவப்பு ஸ்டிக்கர் சுருள் இருக்கும். குறையுள்ள உருப்படியில் அதை ஒட்டிவிட்டால் முதலாளியே வந்தாலும் அது வெளியே போகாது. ஒருமுறை கேன்டீன் இட்லியிலும் ஒட்டினார்.

இப்பேர்ப்பட்டவர் டிவி வாங்கக் கிளம்பினார். அண்ணி வீட்டிலிருந்தே ஒரு பத்திர எழுத்தருக்கு டைப் அடித்துக் கொடுப்பார். சின்ன லேப்டாப் திரையைப் பார்த்துப் பார்த்துக் கண்ணில் நீர் வடிந்து, ஒரு கிரயப் பத்திரத்தில் மல்லிகா 'மலலிகா' ஆகிவிட்டாள். இன்னொரு புள்ளி விட்டால் வேலை வேறு ஆளுக்கு என்று எழுத்தர் கறாராகச் சொல்லிவிட்டார். வீட்டில் இடமிருப்பது ஒரே ஒரு சுவரில். ஆகவே டிவியே கம்ப்யூட்டர் திரையாகவும் இருக்க வேண்டும் என்று அண்ணன் முடிவு கட்டினார்.

பஜாரில் இருந்த ஷோரூமுக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். விற்பனையாளர் கிளி, கடல், வெட்டிய தர்ப்பூசணி என்று வண்ணவண்ணமாய் ஓடவிட்டார். அண்ணன் அதையெல்லாம் நிறுத்தச் சொல்லி, லேப்டாப்பை டிவியில் மாட்டி, மல்லிகா என்று பொடி எழுத்தில் அடித்து, கை எட்டும் தூரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

"ஃபோர்கே டிவிண்ணே," என்றார் விற்பனையாளர்.

"ஃபோர்கே இருந்துட்டுப் போவட்டும் நைனா. புள்ளி எங்க?"

உண்மைதான், புள்ளி கரைந்து எழுத்தோடு ஒட்டிக் கிடந்தது. பழக்கதோஷத்தில் சிவப்பு ஸ்டிக்கரைக் கிழித்து டிவி மூலையில் ஒட்டினார். அடுத்த டிவிக்கும் அதே கதி. லீவு நாள் தவறாமல் போய் ஒட்டினார்.

கடைக்கு வந்தவர்களோ சிவப்பு ஸ்டிக்கர் என்றால் தள்ளுபடி என்று நினைத்தார்கள். ஒட்டியதெல்லாம் விற்றுப்போனது. ஆரம்பாக்கத்துக்காரர் ஒருவர் டிவியை ஷேர் ஆட்டோவில் ஏற்றியபோது அண்ணன் பின்னாலேயே ஓடி, அது கழித்த சரக்கு என்று மன்றாடினார். தட்டிப் பறிக்க வருகிறார் என்று பயந்து அந்த மனிதர் ஆட்டோவை வேகமாக விடச் சொன்னார். மேனேஜருக்குப் பரம சந்தோஷம். அண்ணனுக்கு டீ வரவழைத்து, உள்ளே தேங்கிக் கிடப்பதிலும் ஒட்டிவிட்டுப் போகச் சொன்னார்.

"ரிஜெக்ட் பண்ணத சிரிச்சிக்கினே தூக்கினு போறானுங்க. இன்னா ஊருப்பா இது," என்று அண்ணன் புலம்பினார். ஆனாலும் தேடுவதை விடவில்லை.

கடைசியில் அண்ணியே கடைக்கு வந்தார். சோதனையெல்லாம் எதுவும் செய்யவில்லை. இவ்வளவு வெளிச்சம் எதற்கு, கண் கூசுகிறதே என்று மட்டும் கேட்டார். விற்பனையாளர் ரிமோட்டை எடுத்து, கடைக்காக வைத்திருந்த பளபளப்பை நிறுத்தி, கம்ப்யூட்டருக்கான மோடுக்கு மாற்றினார். மல்லிகாவின் புள்ளி பொட்டு வைத்ததுபோல் வந்து உட்கார்ந்தது. அப்படியென்றால் இதுவரை கழித்ததில் பாதி நல்ல டிவிகள்தான். அண்ணன் என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

டிவி வீட்டுக்கு வந்தது, அண்ணியின் வேலையும் நிலைத்தது. இந்தியா ஆடிய ஒரு மாலை, பெரிய திரையில் மேட்ச் பார்க்கும் ஆசையில் அவர் வீட்டுக்குப் போனேன். திரையில் ஒரு பத்திரம் யாருடைய மனைக்கோ எல்லை சொல்லிக்கொண்டிருந்தது. அண்ணன் டிவிக்கு முதுகைக் காட்டி, டைப் அடித்துக்கொண்டிருந்த அண்ணியை ஓரமாகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். மேட்ச் வேண்டாமா என்று கேட்டேன். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஸ்கோர எவனாவது சொல்லிடுவான் நைனா. கண்ணு வலிக்குதுன்னு இவ வாயத் தொறக்க மாட்டா. நாந்தான் பாத்துக்கினு இருக்கணும்."

நானும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, மேட்ச் முடியும்வரை அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். எனக்கு அந்த மனிதரை அவ்வளவு பிடித்துப்போயிற்று.