கணினிக்குப் பட்டினி போடுபவர்

மனித இனத்தில் ஒரு வகையினர் உண்டு. அவர்களுக்குக் 'கணினிக்குப் பட்டினி போடுபவர்கள்' என்று பெயர் வைப்பது பொருந்தும். உங்கள் வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றி, நாற்காலியில் அமர்ந்து, நீங்கள் கொடுத்த மைலோவை ஒரு வாய் குடித்துவிட்டு, 'பிள்ளைகள் நலமா' என்று கேட்கவேண்டிய இடத்தில் 'சி டிரைவ்ல எத்தனை ஜிபி மிச்சம்?' என்று எவர் கேட்கிறாரோ, அவரே அவ்வகையைச் சேர்ந்தவர். தெரியாது என்று சொன்னீர்களா? தொலைந்தீர்கள்.

மலேசியாவின் சாஆ என்னும் சிற்றூரில் வசிக்கும் சபாபதியை இவ்வினத்தின் தேர்ந்த மாதிரியாகக் கொள்ளலாம். செம்பனை எண்ணெய் ஆலையில் மேற்பார்வையாளர், வயது ஐம்பத்திரண்டு. புதுக் கணினி என்றாலே அவருக்கு மனம் கொதிக்கும்.

"வாங்குறப்பவே பாதி டிஸ்க்கை அவனே தின்னுட்டுத்தான் நம்ம கையில குடுக்கிறான். நாம விளையாடாத கேம், நாம கேக்காத வானிலை, கூப்பிடாமலே பேசுற பொம்பளைக் குரல். எல்லாம் சம்பா."

சம்பா என்றால் அரிசியன்று. மலாய் மொழியில் குப்பை. சபாபதியின் அகராதியில் தமக்குப் புரியாத அனைத்துக்கும் அதுவே பெயர். பழைய புதுப்பிப்புகள் விட்டுப்போன எச்சங்கள், தற்காலிகக் கோப்புகள், கணினி உறங்கப்போகும்போது தன் நினைவைப் பத்திரமாகப் பொதிந்து வைக்கும் பெருங்கோப்பு, எப்போதோ வாங்கி எப்போதோ உடைந்துபோன அச்சுப்பொறியின் மென்பொருள் என ஒவ்வொன்றையும் தேடிப்பிடித்து, அளந்து, தலையை ஆட்டி, அழித்து, இடமில்லை என்று சிவப்பாக இருந்த கோடு நீலமாவதைக் கண்டு அவர் விடும் பெருமூச்சு, உண்ணாநோன்பு முடித்தவர் விடும் பெருமூச்சுக்குச் சற்றும் குறைந்ததன்று.

வீட்டில் அவர் மனைவி சாந்தினி ஒருமுறை கேட்டார்: "ஏங்க, ஸ்டோர் ரூம்ல மூணு காத்தாடி ஓடாம கெடக்கு. அதையும் கொஞ்சம் டிலீட் பண்ணுங்களேன்."

"அது ஸ்பேர் பார்ட்ஸ்" என்றார் சபாபதி.

ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகலில் கோயில் அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. செயலாளர் தேன்மொழி அழைத்தது ஒரே ஒரு காரணத்துக்காக: அச்சுப்பொறியில் காகிதம் சிக்கிக்கொண்டது. சபாபதி வந்தார், காகிதத்தை ஒரே இழுப்பில் எடுத்தார். அத்தோடு எழுந்து போயிருக்கலாம். போவாரா? தேன்மொழி வடை எடுத்துவரப் பின்கட்டுக்குச் சென்ற இருபது நிமிடங்களில் அவர் சி டிரைவைத் திறந்தார். உள்ளே செம்பருத்தி, அல்லி, தாழம்பூ என்று ஆங்கில எழுத்தில் வரிசையாகப் பூக்களின் பெயர்கள். கோயில் கணினியில் யாரோ பூப்படங்களைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். அலங்காரம். சம்பா.

மற்றச் சம்பாக்களோடு சேர்த்து அழித்தார்.

தேன்மொழி வடையோடு திரும்பித் திருவிழா அழைப்பிதழைத் திறந்தார். மாரியம்மன் பெயர் இருந்த இடத்தில் ஒரு சதவீதக் குறியும் இரண்டு அடைப்புக்குறிகளும் இருந்தன. கொடியேற்றத்துக்குக் கீழே ஆங்கில எழுத்துகள் தலையும் வாலுமின்றிக் கிடந்தன.

"அண்ணே, என்ன செஞ்சீங்க?"

"பதினோரு ஜிபி எடுத்துக் குடுத்திருக்கேன்."

"உபயகாரங்க லிஸ்ட் எங்க? நூத்தி இருபத்து நாலு குடும்பம். எந்த நாளு யாருக்குன்னு மூணு கூட்டம் போட்டு முடிவு பண்ணது. வேற காப்பி இல்லண்ணே."

சென்ற ஆண்டு ஒரே ஒரு பெயர் விடுபட்டது. அக்குடும்பம் இன்றளவும் தேன்மொழியோடு பேசுவதில்லை. அழைப்பிதழ் அச்சடிக்கும் சிகாமட் நகர அச்சகமோ ஐந்து மணிக்கு மூடினால் அடுத்த வாரந்தான் திறக்கும். அதற்குள் கொடியே ஏறிவிடும். இப்போது மணி மூன்றரை.

சபாபதி திரையை உற்று நோக்கினார். "வைரஸ் மாதிரி தெரியுது. இந்த ஃபைலை மட்டும் அழிச்சிட்டா மத்ததாச்சும் தப்பிக்கும்."

"மௌஸ்ல கை வச்சீங்கன்னா அண்ணன்னுகூட பாக்க மாட்டேன்" என்று சொல்லிக் கோப்பைப் பென்டிரைவில் ஏற்றிக்கொண்டார் தேன்மொழி. "வண்டிய எடுங்க."

வழிநெடுகச் செம்பனைத் தோட்டங்கள். நூற்று இருபத்து நான்கு குடும்பங்களையும் தாம் ஒவ்வொன்றாகச் சென்று பார்க்கவேண்டி வருமோ என்று கணக்கிட்டபடி ஓட்டினார் சபாபதி. முதல் வீட்டிலேயே நாய் உண்டு என்பது நினைவுக்கு வந்தது.

அச்சக உரிமையாளர் கனகராஜின் கணினியைச் சுத்தம் செய்து தருவதாகச் சபாபதி இருமுறை சொல்லி, இருமுறையும் விரட்டப்பட்டிருக்கிறார். அதன் முகப்பில் படங்களும் கோப்புகளும் இடைவெளியின்றி அப்பிக் கிடந்தன. ஒரு குவளை தே தாரேக் தேநீர் குடித்து முடிக்கும்வரை அது விழிக்காது. விழித்தது. கோப்பைத் திறந்தார் கனகராஜ். மாரியம்மன் வந்தாள், கொடியேற்றம் வந்தது, நூற்று இருபத்து நான்கு குடும்பங்களும் வரிசை மாறாமல் வந்து நின்றன. தேன்மொழி முதலில் கடைசிப் பெயரைப் பார்த்தார்; அதன் பிறகே நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஒண்ணும் ஆகலை தேனு. இது அந்தக் காலத்துச் செம்பருத்தி எழுத்துரு. இங்கிலீஷ் எழுத்துக்கு மேல தமிழ் முகமூடி மாட்டின மாதிரி. இங்க முகமூடி இருக்கு. அங்க யாரோ கழட்டிட்டாங்க" என்ற கனகராஜ், யாரோ என்னும் சொல்லைச் சபாபதியைப் பார்த்தே சொன்னார்.

"அது எவ்ளோ சைஸு?" என்று மெல்லிய குரலில் கேட்டார் சபாபதி.

"அறுபது கேபி."

அறுபது கேபி. காலை வணக்கம் சொல்ல அவர் தினமும் வாட்ஸ்அப்பில் அனுப்பும் ரோஜாப் படத்தில் பாதிகூட இல்லை. சபாபதி நாணினாரா? நாணினார், ஏறக்குறைய ஒரு நிமிடம். பிறகு அவர் பார்வை அத்திரையின் மூலையில் சிவந்து கிடந்த ஒரு கோட்டின்மேல் விழுந்தது. விரல்கள் மேசையில் நகர்ந்தன.

"அண்ணே," என்றார் கனகராஜ், அச்சு இயந்திரத்தை முடுக்கியவாறே, "கைய எடுங்க லா."

சிரிக்கிறீர்கள், வாசகரே. நன்று. ஆனால் உங்கள் கைப்பேசியில் இடம் போதவில்லை என்று நேற்றும் ஓர் அறிவிப்பு வந்ததே, அப்போது பெயர் விளங்காத கோப்பு ஒன்றைத் தொட்டு, 'இது எதற்கு' என்று அரை நொடி யோசித்து, விடை தெரியாததனாலேயே அழித்தீர்கள் அல்லவா? அது என்னவென்று இன்னும் உங்களுக்குத் தெரியாது. வேண்டும்போது தெரியும்.