வில்ஃப்ரெட் கோல்கீப்பரான அவமானம்

பிளாக்லோ,
9 நவம்பர் 1908

மதிப்பிற்குரிய ஜோசையா அண்ணனுக்குத் தம்பி ஈனோக் எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும் மார்த்தாவும் புறாக்களும் சுகம். அவ்விடம் நீங்களும் அண்ணியும் உங்கள் இடது முழங்காலும் சுகமாக இருக்க ஆண்டவரை வேண்டுகிறேன்.

நம் குடும்ப மானம் போய்விட்டது. அப்பா கோல் அடித்தார், நீங்கள் அடித்தீர்கள், நான் அடித்தேன், என் மூத்த மகன் ஹெர்பர்ட் பக்கத்து நகர அணியில் சம்பளம் வாங்கிக்கொண்டு அடிக்கிறான். இளையவன் வில்ஃப்ரெட் மட்டும் நிலக்கரிச் சுரங்கத்தை விட்டு நம் ஊர் அணிக்குப் போய்க் கோல்கீப்பராக நிற்கிறான். நம் வீட்டில் தடுத்தவன் உண்டா? சனிக்கிழமை இந்த இரண்டு அணிகளுக்கும் ஆட்டம். "இன்னிக்கு ஒரு கோல் உள்ள போச்சுன்னா, திங்கக்கிழமை நீ சுரங்கத்துக்கே போயிரு" என்று மேனேஜர் வில்ஃப்ரெட்டிடம் சொல்லிவிட்டார். மார்த்தா காலையிலேயே ஆரம்பித்துவிட்டாள்: "ஏங்க, பெத்தது ரெண்டு. ஒருத்தன் அடிச்சா இன்னொருத்தன் குழிக்குள்ள போகணும். நான் எவனுக்குக் கை தட்டுறது?"

வழக்கம்போல் நான் புறாக்கூடையோடு பக்கத்து நகர மைதானத்துக்குப் போனேன். நம் அணி ஜெயித்தால் காலில் சிவப்பு நூல், தோற்றால் கறுப்பு. முடிவு தெரிய ஊரே நம் வீட்டுப் புறாக்கூண்டைப் பார்த்துக்கொண்டு நிற்கும். கடைசி நிமிடம் வரை இருபக்கமும் கோல் இல்லை. அப்போது அவர்களுக்குப் பெனால்டி கிடைத்தது, அடிக்க வந்தவன் ஹெர்பர்ட். நம் ரத்தம் குறி தப்புமா? மழை வேறு வருகிறது என்று கறுப்பு நூலைக் கட்டிப் புறாவைப் பறக்கவிட்டுவிட்டேன். அவன் அடித்தான், இவன் பாய்ந்து பிடித்துவிட்டான்! ஆட்டம் சமன்.

"டேய், எந்தப் பக்கம்னு எப்படிடா தெரிஞ்சுது?" என்று ஹெர்பர்ட் கத்தினான்.

"நம்ம கொல்லையில அம்மாவோட அடுக்களை ஜன்னல் இடது பக்கம்ணே. அவங்க கரண்டிக்குப் பயந்து நீ என்னிக்கு அந்தப் பக்கம் அடிச்சிருக்க?"

நானும் வில்ஃப்ரெட்டும் வீட்டுக்கு வந்தபோது, கறுப்பு நூலைப் பார்த்திருந்த மார்த்தா அழுதுகொண்டே அவனுடைய சுரங்கக் கால்சட்டையைத் தைத்துக்கொண்டிருந்தாள். அவனைக் கட்டிக்கொண்டாள். எனக்கு அன்றிரவு சோறு இல்லை. தடுக்கிறவன் இருக்கும் மைதானத்தில் இனி கால் வைக்கமாட்டேன், இது உறுதி.

அண்ணிக்கு எங்கள் வணக்கம். கர்த்தர் உங்கள் முழங்காலையும் காப்பாராக.

தம்பி,
ஈனோக்

பி.கு.: இன்று மாலை ஹெர்பர்ட் வந்து, ஜன்னல் பக்கம் அடித்துப் பழக வேண்டும் என்றான். கண்ணாடி போய்விட்டது. மார்த்தா கரண்டியோடு என்னைத்தான் துரத்தினாள். கோலில் நின்றது நான்.