ஏழாம் நம்பர் மெஷின் பதில் சொல்லவில்லை

மதிப்புக்குரிய மாமா அவர்களுக்கு,

மருமகள் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே அம்மாவும் நானும் சலவைக் கடையின் பதினோரு மெஷின்களும் நலம். ஏழாம் நம்பர் மட்டும் நலமில்லை, அதைப் பிறகு சொல்கிறேன். அத்தையின் முதுகுவலி தேவலையா?

அடுத்த வாரம் சனிக்கிழமை நீங்கள் வந்து, என்னைக் கூட்டிக்கொண்டு போய், உங்கள் ரிப்பேர் கடையில் போன் எடுக்க உட்கார வைக்கப் போவதாக அம்மா சொன்னாள். திரும்புவதற்கு இரண்டு டிக்கெட்டும் எடுத்தாயிற்றாம். இதைப் போனில் சொல்ல வாய் வராமல்தான் எழுதுகிறேன். அந்த வேலைக்கு நான் எவ்வளவு பொருத்தம் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். வர வேண்டாம், மாமா. நான் இங்கேதான் இருப்பேன்.

இந்த வாரம் கடையில் நடந்ததாக அம்மா உங்களிடம் சொன்னது பாதிதான். மெஷின் கம்பெனியின் சர்வரில் ஏபிஐ என்று ஒரு வாசல் உண்டு. கடைக்காக நான் எழுதிய ஸ்கிரிப்ட், அதாவது சின்ன புரோகிராம், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அங்கே போய் ஒவ்வொரு மெஷினும் துவைத்து முடித்துவிட்டதா என்று கேட்கும். முடிந்திருந்தால் ட்ரூ, இல்லாவிட்டால் ஃபால்ஸ் என்று பதில் வரும். ட்ரூ என்றால் துணி கொடுத்தவருக்கு "உங்கள் துணி தயார்" என்று மெசேஜ் போகும். ஐந்து மாதம் ஒழுங்காக ஓடியது. திங்கட்கிழமை கம்பெனிக்காரர்கள் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் எல்லா மெஷினின் பதிலையும் மேற்கோள் குறிக்குள் போட்டு அனுப்ப ஆரம்பித்துவிட்டார்கள். குறிக்குள் வந்தால் அது வெறும் எழுத்து. என் ஸ்கிரிப்டுக்கோ காலியாக இல்லாத எந்த எழுத்தும் ஆமாம்தான். 'இல்லை' என்று எழுதிக் கொடுத்தாலும், ஏதோ எழுதியிருக்கிறதே, அப்படியானால் ஆமாம் என்று எடுத்துக்கொள்ளும். பத்தரை மணிக்குப் பன்னிரண்டு பேர் கூடையோடு வாசலில் நிற்கிறார்கள், உள்ளே பன்னிரண்டு மெஷினும் நுரையோடு சுற்றுகின்றன. உடற்பயிற்சி வாத்தியார் அரைக்கால் சட்டையில் வந்து, "பாப்பா, என் பேன்ட் எல்லாம் அதுக்குள்ளதான் இருக்கு. பதினொரு மணிக்கு எனக்கு இன்டர்வியூ. விளையாடுறியா?" என்றார். நான் சோப்புத்தூள் மூட்டைக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டேன். கடைக்கார அக்கா கையைப் பிடித்து இழுத்து, "உன் கம்ப்யூட்டர் உளறினதுக்கு நான் பதில் சொல்லணுமா? நீயே சொல்லு" என்றார். வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது.

செவ்வாய்க்கிழமை, எழுத்து சரியாக 'ட்ரூ' என்று இருந்தால் மட்டுமே ஆமாம் என்று மாற்றினேன். இரண்டு பழைய மெஷின்கள் ஆமாம் என்பதற்கு ஒன்று என்ற எண்ணையும், இல்லை என்பதற்குப் பூஜ்யத்தையும் அனுப்புவது எனக்குத் தெரியாது. என் ஸ்கிரிப்டைப் பொறுத்தவரை அவை துவைத்து முடிக்கவே இல்லை. நர்ஸம்மாவின் யூனிஃபார்ம் நாள் முழுக்க மெஷினுக்குள் ஈரமாகவே கிடந்தது. முகர்ந்து பார்த்துவிட்டு, "இதப் போட்டுட்டுப் போனா படுத்துக் கிடக்கிறவங்க எல்லாம் எழுந்து ஓடிடுவாங்கம்மா" என்றார்.

அதையும் திருத்தினேன். புதன்கிழமை ஏழாம் நம்பரின் சென்சார் செத்துப்போய், அதனிடமிருந்து பதிலே வரவில்லை. பதில் வராவிட்டால் முடிந்ததாக வைத்துக்கொள் என்று முன்னாலேயே சோம்பலில் எழுதி வைத்திருந்தவள் நான்தான். மெசேஜைப் பார்த்து வந்தவர் மெஷின் கதவைத் திறக்க, தண்ணீர் தெருவரைக்கும் போயிற்று. அக்கா இடுப்பில் கையை வைத்து நின்றார். "வெள்ளிக்கிழமைக்குள்ள சரி பண்ணு. இல்லன்னா நான் பழையபடி நோட்டுல எழுதிக்கிறேன், நீ உங்க மாமா கடைக்குக் கிளம்பு."

அம்மா உங்களுக்குப் போன் செய்தது அப்போதுதான்.

வியாழக்கிழமை தரையில் உட்கார்ந்து, என்னென்ன விதமாகப் பதில் வருகிறது என்று ஒவ்வொரு மெஷினாக எழுதினேன். ட்ரூ குறியோடு வந்தாலும், குறியில்லாமல் வந்தாலும், ஒன்று என்று வந்தாலும் ஆமாம். ஃபால்ஸோ பூஜ்யமோ எப்படி வந்தாலும் 'இல்லை'. வேறு எது வந்தாலும், எதுவுமே வராவிட்டாலும், ஊகிக்காதே, மணி அடி, ஆள் போய்ப் பார்க்கட்டும் என்று முடித்தேன். அந்த ஆள் நான்தான் என்பது எழுதி முடித்த பிறகே உறைத்தது.

இன்று வெள்ளி. காலையிலேயே ஏழாம் நம்பருக்கு மணி அடித்தது. ஒன்பது பேர் காத்திருந்தார்கள். கண்ணாடி வழியாகப் பார்த்தேன், நுரை. ஸ்டூல் மேல் ஏறி நின்றுகொண்டு, "ஏழாம் நம்பர் இன்னும் முடியலைங்க. இருபது நிமிஷம் ஆகும்" என்றேன். "அட, பாப்பாவுக்குப் பேச்சு வருதே!" என்றார் வாத்தியார். ஒருவரும் திட்டவில்லை, மாமா, பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்கள். சாயங்காலத்துக்குள் பதினோரு தடவை மணி அடித்தது, பதினோரு தடவையும் ஏறினேன். கடை சாத்தும்போது அக்கா, "திங்கக்கிழமை சீக்கிரம் வந்துடு" என்று மட்டும் சொன்னார்.

ஆகவே வர வேண்டாம். இதையும் 'ஏதோ எழுதியிருக்கிறாளே' என்று ஆமாமாக எடுத்துக்கொண்டுவிடாதீர்கள்.

அத்தைக்கு என் அன்பு. உங்கள் ஆசி இருந்தால் போதும், போன் வேலை வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் மருமகள்

பி.கு.: இதை மடிக்கும்போது அக்கா வந்து, ஏழாம் நம்பருக்குச் சென்சார் மாற்ற ஊரில் ஒரு மெக்கானிக்கும் கிடைக்கவில்லை என்கிறார். எனவே மேலே எழுதியதையெல்லாம் விட்டுவிட்டு, சனிக்கிழமை கட்டாயம் வாருங்கள் மாமா, ஸ்பேனர் பையோடு. திரும்பும்போது என் சீட்டில் அந்தப் பையை வைத்துக்கொள்ளலாம்.