சும்மா இருக்க ஒரு நுழைவுத் தேர்வு

உலக வரலாற்றிலேயே சும்மா இருப்பதற்கு நுழைவுத் தேர்வு வைத்த முதல் பள்ளிக்கூடம் எங்களுடையதுதான். இதைத் தன்னடக்கத்தோடு சொல்லிப் பார்த்தேன், வரவில்லை. ஆகவே தலைநிமிர்ந்தே சொல்கிறேன்.

நான் வேதியியல் ஆசிரியன். ஆய்வகத்தில் குழாய் வெடித்துத் தண்ணீர் நின்றுபோனதில் எனக்கு வகுப்புகள் குறைந்துவிட்டன. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஆசிரியரை எந்த நிர்வாகம் விட்டுவைக்கும்? முதல்வர் அம்மா என்னைக் கூப்பிட்டு, 'எதிர்கால வழிகாட்டல் குழு'வுக்கு ஒருங்கிணைப்பாளர் ஆக்கிவிட்டார். விளையாட்டுச் சாமான் அறையில் காற்றுப் போன பந்துகளை மூலைக்குத் தள்ளிவிட்டு மேசை போட்டார்கள். சுவரில் ஒரு பெரிய படம்: மலை உச்சியில் ஓர் இளைஞன் இரண்டு கைகளையும் விரித்தபடி நிற்கிறான். என்ன உத்தியோகம் பார்க்கிறான் என்று தெரியவில்லை. ஆனால் பிரமாதமாகப் பார்க்கிறான்.

குழுவின் மூளை, வெளியிலிருந்து வரவழைக்கப்பட்ட ஆலோசகர். மடிக்கணினி இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. மாணவர்களின் உள்ளத்தை அளக்கும் சோதனை ஒன்று அதற்குள் இருந்தது. மழை பெய்தால் நீங்கள் நனைவீர்களா, குடை பிடிப்பீர்களா, அல்லது பக்கத்தில் இருப்பவரைக் குடை பிடிக்கச் சொல்வீர்களா என்பது போன்ற நுட்பமான கேள்விகள். சோதனை முடிந்ததும், பன்னிரண்டாம் வகுப்பு மொத்தத்துக்கும் 'தலைமைப் பண்பு' இருப்பதாகக் கணினி அறிவித்தது. அத்தனை பேரும் தலைவர்கள். பின்னால் வருவதற்குத்தான் ஒருத்தர்கூட மிஞ்சவில்லை. எல்லாரையும் நிர்வாகவியல் படிக்க அனுப்புவது என்று முடிவாயிற்று. ஒவ்வொருவரையும் தனித்தனியாக அழைத்து, தனித்தனியாக அதையே சொன்னோம்.

அந்த வகுப்பில் ஒரு பெண்ணுக்கு 'ஏன்' என்று பட்டப்பெயர். எதைச் சொன்னாலும் அதைக் கேட்பாள். அவள்தான் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"சார், எனக்கு ஒரு வருஷம் வேணும்."

"எதுக்கு?"

"மிருக வைத்தியம் படிக்கணும்னு ஆசை. ஆனா ரத்தத்தைப் பார்த்தா மயங்கி விழுந்துடறேன்."

"அப்ப வேற ஏதாவது படி."

"ஏன் சார்? பழகப் பழக மயக்கம் போயிடுமோ என்னவோ. கடைத்தெருவுல இருக்கற மிருக ஆஸ்பத்திரி டாக்டரம்மா என்னை உதவிக்கு வெச்சுக்கறேன்னு சொல்லியிருக்காங்க. ஒரு வருஷம் நின்னு பார்க்கறேன். மயக்கம் நின்னா அதைப் படிக்கறேன். நிக்கலைன்னா விட்டுடறேன்."

"அப்பா என்ன சொல்றார்?"

"பள்ளிக்கூடம் சரின்னா சரின்னுட்டார். நீங்க ஒரு கடிதம் கொடுத்தீங்கன்னா போதும்."

கேட்கும்போது இதில் ஏதோ நியாயம் இருப்பதுபோலப் பட்டது. பதவிக்குப் புதியவன் அல்லவா, அப்படித்தான் பிரமை தட்டும். நல்லவேளையாகக் கடிதம் கொடுக்கும் அதிகாரம் எனக்கு இல்லை. விஷயம் குழுவுக்குப் போயிற்று.

"ஒரு வருஷம் சும்மா இருக்கறதா?" என்று முதல்வர் அம்மா கண்ணாடியைக் கழற்றினார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் யாருக்கோ கெடுதல் என்று அர்த்தம்.

"சும்மா இல்ல மேடம். நாய்க்குக் கட்டுப் போடற இடத்துல..." என்று இழுத்தேன்.

"உங்க ஸ்கூல் பொண்ணு எங்க சேர்ந்திருக்குன்னு யாராவது கேட்டா, நாய்கிட்டன்னா சொல்றது?"

அப்போது ஆலோசகர் கணினியிலிருந்து தலையைத் தூக்கினார். "மேடம், பெரிய நாடுகள்ல இதுக்கு 'இடைவெளி ஆண்டு'ன்னு பேரு."

முதல்வர் அம்மா கண்ணாடியை மறுபடியும் மாட்டிக்கொண்டார்.

"பேர் இருக்கா? அதை ஏன்யா முதல்லயே சொல்லலை? அப்ப நாமளே நடத்திடலாமே!"

இப்படித்தான் 'இடைவெளி ஆண்டுத் திட்டம்' பிறந்தது. பிறந்த அன்றே அதற்குக் கால அட்டவணையும் பிறந்தது. காலை எட்டு மணி முதல் மாலை நாலு மணி வரை. முதல் பாடவேளை 'தன்னைத் தேடல்'. இரண்டாவது 'உலகை அறிதல்'. அதற்கு ஜன்னலோரம் உட்காரும் முறை சுழற்சியில் வரும். பிற்பகலில் 'மனம்போன போக்கு', செய்முறையோடு. வெள்ளிக்கிழமைதோறும் 'பயணம்': பயணம் போய்வந்த ஒருவர் படம் போட்டுக் காட்டுவார். சுதந்திரத்தைக் குறிக்கும் வகையில் நீலச் சீருடை. சட்டையை உள்ளே விட்டுக்கொள்ள வேண்டும்.

"வருகைப் பதிவு உண்டா?" என்று கேட்டேன்.

"உண்டு. வராதவங்களை இடைவெளியிலிருந்து நீக்கிடுவோம்" என்றார் ஆலோசகர்.

"நீக்கிட்டா அவங்க என்ன பண்ணுவாங்க?"

"சும்மா இருப்பாங்க. அது அவங்க தலைவிதி."

அறிவிப்பு வெளியானதும் பெற்றோர் கூட்டம் அலைமோதியது. அதுவரை இடைவெளி என்றால் இரண்டு கட்டடங்களுக்கு நடுவே விடுவது என்று நினைத்துக்கொண்டிருந்தவர்கள்கூட வந்து நின்றார்கள். வங்கி அதிகாரி ஒருவர் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சார், பக்கத்து வீட்டுப் பையனுக்கு இடைவெளி கிடைச்சிருக்கு. என் பையன் மட்டும் நேரா காலேஜுக்குப் போனா, நாலு பேர் என்ன நினைப்பாங்க? ஏதோ அவனுக்கு வக்கில்லைன்னு நினைக்க மாட்டாங்களா?"

"பையனுக்கு இதுல விருப்பமா சார்?"

"விருப்பத்துக்கு இப்ப என்ன அவசரம்? அதெல்லாம் சேர்ந்தப்புறம் வரும்."

இடங்கள் குறைவு, ஆட்கள் அதிகம். ஆகவே நுழைவுத் தேர்வு. நுழைவுத் தேர்வு என்றதும் பள்ளிக்கு எதிரிலேயே ஒரு பயிற்சி மையம் திறந்துவிட்டது. 'சும்மா இருப்பதில் சிறப்பிடம் பெறுக' என்று வாசலில் பெரிய பலகை. பிள்ளைகள் விடியற்காலையில் எழுந்து, கண் எரிய எரிய, ஓய்வைப் பற்றி மனப்பாடம் செய்தார்கள். இரண்டு பேருக்குக் காய்ச்சலே வந்துவிட்டது. எங்கள் பள்ளியில் இத்தனை உழைப்பை நான் பார்த்ததில்லை.

நேர்முகத் தேர்வில் எல்லாரிடமும் ஒரே கேள்வி: "இந்த ஆண்டின் முடிவில் நீ என்னவாக இருப்பாய்?"

"என்னுடைய முழு ஆற்றலை உணர்ந்த தலைவனாக இருப்பேன்" என்றான் வங்கி அதிகாரியின் மகன். அடுத்தவனும் அதையே சொன்னான். அதற்கடுத்தவள் 'தலைவி' என்று மாற்றிச் சொன்னாள். சொந்தச் சிந்தனைக்காக அவளுக்குக் கூடுதல் மதிப்பெண் வழங்கப்பட்டது.

'ஏன்' வந்து உட்கார்ந்தாள்.

"தெரியாது சார்."

ஆலோசகர் காதைத் தேய்த்துக்கொண்டார். "என்னம்மா?"

"தெரியாதுன்னேன். தெரிஞ்சிருந்தா எதுக்கு சார் எனக்கு ஒரு வருஷம்?"

"எங்க திட்டத்துல சேர்ந்தா எல்லாம் தெரிஞ்சுடும்."

"இங்க எட்டுலேருந்து நாலு வரைக்கும் உட்கார்ந்திருந்தா, ஆஸ்பத்திரிக்கு நான் எப்ப போறது?"

"மிருக வைத்தியம் பத்தி நாங்களே படம் போட்டுக் காட்டுவோம்."

"படத்துல ரத்தம் வந்தா எனக்கு மயக்கம் வர்றதில்லை சார். நிஜ ரத்தத்துக்குத்தான் வருது."

மதிப்பெண் தாளில் ஆலோசகர் 'இலக்கில் தெளிவின்மை' என்று எழுதிக் கோடு போட்டார். அந்தப் பெண் தேறவில்லை. சும்மா இருக்கத் தகுதி இல்லாதவள் என்பதால், உடனடியாகப் பல்கலைக்கழகத்தில் நிர்வாகவியல் படிக்கும்படி குழு பரிந்துரைத்தது. மிருக ஆஸ்பத்திரிக்குக் கடிதம் தர இயலாது என்றும் தீர்மானம் போட்டது.

அவளுடைய அப்பா மறுநாள் அவளையும் கூட்டிக்கொண்டு எங்கள் குழு அறைக்கு வந்தார். லிப்ட் பழுது பார்ப்பவர். கைவிரல்களில் கிரீஸ் கறை போகவில்லை. நாற்காலி அழுக்காகிவிடுமோ என்று உட்காராமலே பேசினார்.

"மேடம், என் பொண்ணு கேட்டதாலதானே இதையெல்லாம் ஆரம்பிச்சீங்க?"

"ஆமா. அந்த நன்றிக்காகத்தான் அவளையும் தேர்வுக்குக் கூப்பிட்டோம்."

"அவ கேட்டது ஒரு கடிதம்."

"நாங்க கொடுத்தது ஒரு திட்டம். எது பெருசு, நீங்களே சொல்லுங்க!"

அவர் சுவரில் இருந்த மலை உச்சி இளைஞனைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு மகள் பக்கம் திரும்பினார்.

"இந்தப் பள்ளிக்கூடம் சரின்னாதான் சரின்னு சொன்னேன்ல? தப்பா சொல்லிட்டேன். வாம்மா, டாக்டரம்மாகிட்ட நானே வந்து பேசறேன்."

இருவரும் வணக்கம்கூடச் சொல்லாமல் வெளியேறினார்கள். மரியாதை தெரியாத குடும்பம்.

ஆனாலும் எங்கள் குழு யாரையும் கைவிடுவதில்லை. அரையாண்டு முடிவில், 'வழி தவறியோர் நிலை' குறித்து அறிக்கை தரும்படி எனக்கு உத்தரவு வந்தது. வழி தவறியது ஒரே ஆள்தான். கடைத்தெருவுக்குப் போனேன்.

ஆஸ்பத்திரி மேசையில் ஒரு நாய். பின்னங்காலில் சதை கிழிந்திருந்தது. டாக்டரம்மா தையல் போட்டுக்கொண்டிருக்க, 'ஏன்' அதன் தலையைத் தன் மார்போடு அணைத்துப் பிடித்து, அதன் காதில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். மேலங்கியில் ரத்தம். நான்தான் கதவைப் பிடித்துக்கொண்டேன்.

"அந்த ஸ்டூல்ல உட்காருங்க சார். அது என்னோடதுதான்."

"உனக்கு மயக்கம் வரலையா?"

"முதல் மாசம் ரெண்டு தடவை விழுந்தேன். நாயே பயந்துடுச்சு. இப்பல்லாம் தலை சுத்தினா உட்கார்ந்துக்குவேன். அப்புறம் எழுந்து வந்துடுவேன்."

"அப்ப படிக்கப் போறதா முடிவு பண்ணிட்டியா?"

"பாதி பண்ணிட்டேன் சார். நேத்து ஒரு பூனை செத்துப் போச்சு. அதைத் தாங்க முடியுமான்னு பார்க்கணும். க்ளாஸ்ல எல்லாரும் எப்படி இருக்காங்க?"

"அரையாண்டுப் பரீட்சை நடக்குது. 'மனம்போன போக்கு'ல நிறையப் பேர் ஃபெயில்."

"பாவம். யாராவது வெளில எங்கயாவது போய், எதையாவது பார்த்தாங்களா சார்?"

"எப்படிப் போவாங்க? வருகைப் பதிவு இருக்கே!"

அவள் சிரிக்கவில்லை. டாக்டரம்மா கத்தரி கேட்டார்; எடுத்துக் கொடுக்கத் திரும்பிவிட்டாள்.

அன்று மாலையே அறிக்கை எழுதினேன். "மேற்படி மாணவி, யாருடைய வழிகாட்டுதலும் இன்றித் தன் வழியைத் தானே தேடிக்கொண்டிருப்பது வருந்தத்தக்கது. மற்ற மாணவர்கள் அனைவரும் நமது வழிகாட்டுதலில் பத்திரமாக இருக்கிறார்கள். இதுவரை அவர்களில் ஒருவர்கூட எந்த வழியிலும் ஓர் அடி எடுத்து வைக்கவில்லை."

முதல்வர் அம்மா நிதானமாகப் படித்தார். கடைசி வாக்கியத்துக்குக் கீழே மட்டும் சிவப்பு மையால் கோடிட்டு, ஓரத்தில் எழுதினார்: 'மிக நன்று. அடுத்த ஆண்டும் தொடரவும்.'